கண்ணாடித் தொட்டிக்குள் கடலைக் கொண்டுவந்த குமாஸ்தா



பி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி, கூடத்தில் நான்கடி நீளத்துக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கமிட்டிக் கூட்டத்தில் எடையைப் பற்றிப் பேச்சு வந்ததே, அதே தொட்டிதான். 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ, கல்லும் கண்ணாடியும் தனி. என்ஜினீயரை அழைத்துக் காட்டிவிட்டார், கவலை வேண்டாம்.

மீன் பார்க்கலாம் என்றுதான் போனேன். மீன் நாலே நாலு. மீதி எல்லாம் மென்பவளம். பவளம் என்றால் நமக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. கெட்டியான கல் எலும்பு கிடையாது. உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் உண்டு. தொட்டால் தோல் மாதிரி இருக்குமாம். தண்ணீர் ஓடும் பக்கம் அசைகிறது. மேலே பூ மாதிரி விரிந்திருக்கும் ஒவ்வொரு மொட்டும் ஒரு பிராணி, அதற்கு எட்டுக் கைகள். நடுவில் இருந்த பெரிய காளான் போன்ற ஒன்று மறுவாரம் போனபோது சுருங்கி, மேலே மெழுகு பூசினாற்போல் மங்கிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று யோசித்தேன். அவர் சிரித்தார். தோல் உரிக்கிறதாம், நாலைந்து நாளில் விரிந்துவிடும் என்றார். விரிந்தும் விட்டது.

இந்த வேலையை முதலில் யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். தெரியவில்லை அங்கிள், நீங்கள்தான் ரிடையர் ஆகிவிட்டீர்களே, தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். தேடினேன். கிடைத்த மனிதரும் என்னைப் போல ஒரு கணக்குக் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர் என்று தெரிந்ததும் விட மனசு வரவில்லை.

அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ். காஸ் என்றதும் சிலிண்டர் புக்கிங் ஞாபகம் வரவேண்டாம், அது அவருடைய குடும்பப் பெயர். 1810 ஏப்ரலில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய், உள்ளங்கை அளவு முகச்சித்திரங்கள் வரைந்து பிழைத்தவர். வருமானம் நிலையில்லாதது. குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் தங்கியது. அங்கே இருந்த அத்தைதான் பையனுக்குப் பூச்சிகளையும் கடல் சாமந்திகளையும் அறிமுகம் செய்தவர். கடல் சாமந்தி என்பது பூ அல்ல. பாறையில் ஒட்டிக்கொண்டு, இதழ் போன்ற கைகளால் இரை பிடிக்கும் பிராணி. பவளத்துக்குப் பங்காளி முறை.

15 வயதில் பூல் ஊரிலேயே ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்கறையில் பையனாகச் சேர்ந்தார். 1827இல், 17 வயதில், கப்பலேறி வட அமெரிக்காவின் குளிர்பிரதேசமான நியூஃபவுண்ட்லாந்தில் கார்பனியர் என்ற ஊருக்குப் போனார். அங்கும் குமாஸ்தா வேலைதான். மீன், சீல் தோல், எண்ணெய் என்று சரக்கு ஏற்றி இறக்கிய கணக்கை எட்டு வருஷம் எழுதினார். நானும் 36 வருஷம் பேரேடு எழுதியவன். அந்த வேலை ஒரு மனிதனுக்குள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சிலர் மரத்துப்போவார்கள். சிலருக்கு எதையும் நாள், எண்ணிக்கை, இடம் போட்டுக் குறித்துவைக்காமல் தூக்கம் வராது. காஸ் இரண்டாவது ரகம். 1832இல் ஜார்ஜ் ஆடம்ஸ் எழுதிய, நுண்நோக்கி பற்றிய ஒரு புத்தகம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து பூச்சி பிடித்து, வரைந்து, தேதி போட்டுக் குறித்துவைக்க ஆரம்பித்தார். கடவுள் பக்தி தீவிரமானதும் அதே வருஷம்தான். இந்த இரண்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

பிறகு கொஞ்ச காலம் தோல்விமேல் தோல்வி. கனடாவில் மூன்று வருஷம் விவசாயம் பார்த்து நஷ்டப்பட்டார். 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார். பூச்சிகளை அழகழகாக வரைந்தார். ஆனால் அடிமைகளை நடத்திய விதத்தைக் கண்ணால் பார்த்தபிறகு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. மறுவருஷமே ஊர் திரும்பிவிட்டார். கையில் காசில்லை, ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும் இருந்தது. அத்தை மகன் தாமஸ் பெல் அப்போது பெயர் பெற்ற விலங்கியலாளர். அவர் சிபாரிசில் அது 1840இல் கனடா இயற்கை பற்றிய புத்தகமாக வந்தது. சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார், புத்தகங்கள் எழுதினார், 1844 முதல் 1846 வரை ஜமைக்காவுக்குப் போய்ப் பறவைகளைச் சேகரித்தார்.

1848இல் எமிலி போவ்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அவரும் எழுத்தாளர், அதே சபையைச் சேர்ந்தவர், வயதில் கொஞ்சம் மூத்தவர். மறுவருஷம் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய டைரியில் காஸ் மகன் பிறந்ததையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்ததையும் ஒரே மூச்சில் வரவு வைத்தார். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, எல்லா ஆண்களும் இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மகன் பிற்காலத்தில், குருவியைப் பெரிதாக நினைத்துச் செய்ததில்லை, நடந்ததை வரிசையாக எழுதும் பழக்கம் அவருக்கு என்று அப்பாவுக்காக வக்காலத்து வாங்கினார். குமாஸ்தா புத்தி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி தொட்டிக்கு வருவோம். காஸுக்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. 1846இல் அன்னா தைன் என்ற சீமாட்டி, டார்கே கடற்கரையில் எடுத்த சில பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய் வீட்டில் வளர்த்தார். கடல் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்க அதற்குக் காற்று வேண்டுமே? வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் அரைமணி, முக்கால்மணி நேரம் ஜன்னலோரம் நின்று, நாம் டீ ஆற்றுவதுபோல் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றினாள். இன்று பி பிளாக்கில் 24 மணி நேரமும் ஓடும் மோட்டார் செய்கிற வேலை அது. பவளங்கள் பிழைத்தன. சீமாட்டியின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரை எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். 1849 வாக்கில் இரண்டு தங்கமீன், ஒரு நீர்த்தாவரம், சில நத்தைகள், இவற்றை ஒரு தொட்டியில் வைத்து, தண்ணீர் மாற்றாமலே காப்பாற்றிக் காட்டினார். மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் செடி விடும் பிராணவாயு மீனுக்கு. அழுகியதை நத்தை தின்கிறது. வரவும் செலவும் டேலி ஆகிவிட்டது. இதே கணக்கைக் கடல் தண்ணீரில், கடற்பாசியை வைத்துப் போட்டுப் பார்த்தவர்களில் காஸ் ஒருவர்.

1852 ஆரம்பத்தில் ஓய்வில்லாமல் எழுதியதில் அவர் உடம்பு கெட்டது. காற்று மாற்றத்துக்காக மனைவி மகனோடு டெவன் கடற்கரைக்குப் போனார். அலை வடிந்த நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தவர், மீளவே இல்லை. சுத்தியும் உளியுமாக, சில சமயம் மார்பளவு தண்ணீரில் நின்று பாறையடியைத் தடவிப் பார்ப்பாராம். கடற்பாசியை வேரோடு பிடுங்கினால் வாடிவிடும், ஒட்டியிருக்கும் பாறைத் துண்டோடு சேர்த்துப் பெயர்க்கவேண்டும் என்று கண்டுகொண்டார். இல்ஃப்ராகோம்ப் என்ற ஊர்ப் பாறைகளில் செஞ்சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு சின்னப் பவளத்தைக் கண்டு பெயர் வைத்தார். அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் காஸ், 1853 என்று போடுகிறார்கள்.

அந்த வருஷம் மே மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில், பொதுமக்கள் பார்க்க உலகிலேயே முதல் அக்வேரியம் திறந்தது. அதற்கு டெவனிலிருந்து உயிரினங்களை அனுப்பிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் காஸ். 1854இல் அவருடைய அக்வேரியம் என்ற புத்தகம் வந்தது. அதற்குமுன் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீன் தொட்டிக்கு அக்வேரியம் என்ற பெயரை நிலைநிறுத்தியது இவர்தான். வண்ணப் படங்களும் அவர் கையால் வரைந்தவை. அப்பாவிடம் பார்த்துக் கற்ற நுணுக்கம் வீண்போகவில்லை.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. காலமும் தோதாக இருந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிமேல் இருந்த வரியை 1845இல் எடுத்துவிட்டார்கள், கண்ணாடி மலிந்துவிட்டது. ரயில் கடற்கரைவரை வந்துவிட்டது. கடலுக்குப் போக முடியாதவர்களுக்குக் காஸ் இன்னொரு வழியும் சொல்லிக்கொடுத்தார்: செயற்கைக் கடல் தண்ணீர். சாப்பாட்டு உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மெக்னீசியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கொஞ்சம், இவற்றை ஏறக்குறைய நாலரை லிட்டர் தண்ணீரில் கரைப்பது. முதலில் பாசியை விட்டுத் தண்ணீர் பக்குவப்பட்டபிறகே பிராணிகளை விட்டார். நம் தம்பி ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கலந்து, வாரக்கணக்கில் தொட்டியைச் சும்மா ஓடவிட்டதும் இதே பொறுமைதான். (காஸின் கலவையை வீட்டில் முயன்றுவிடாதீர்கள். இப்போதைய பாக்கெட்டில் கால்சியம் முதல் இன்னும் பல உப்புகள் அளவோடு இருக்கின்றன.)

ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். காஸ் வளர்த்தவை குளிர்க்கடல் பிராணிகள். அங்கும் மென்பவளம் உண்டு, இறந்தவன் விரல் என்று பயங்கரமான பெயர். கரையில் கிடந்தால் ஊறிப்போன விரல்கள் மாதிரிதான் இருக்கும்; தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அது மிதந்து வரும் இரையைப் பிடித்துத்தான் வாழ்கிறது. நம் தம்பி தொட்டியில் இருப்பவை வெப்பக்கடல் வகை. இவற்றின் உடம்புக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் கிடைத்தால் அது சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. வாரிங்டனும் காஸும் தொட்டிக்குள் தனித்தனியாக வைத்து டேலி செய்த இரண்டு கணக்கும் இதில் ஒரே உடம்புக்குள் ஓடுகிறது. காஸ் அந்தப் புத்தகம் எழுதிய காலத்தில் இந்த விஷயம் யாருக்கும் பிடிபடவில்லை.

இப்படிப் பெயரும் வருமானமும் ஒருசேர வந்த காலம். 1855இல் கடற்கரையிலேயே வகுப்பு நடத்தினார். சீமான்களும் சீமாட்டிகளும் வாளியோடு பின்னால் போனார்கள். 1856இல் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். கணக்கறைப் பையனுக்கு இது சின்ன விஷயமில்லை. லண்டனில் கடல் பிராணிகளும் கடல் தண்ணீரும் விற்கத் தனிக் கடையே வந்துவிட்டது.

அதே 1856இல் எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று, புதிதாக வந்திருந்த ஒரு மருந்துச் சிகிச்சைக்குப் போனார்கள். வலி தாங்கமுடியாத சிகிச்சை, பலனில்லை. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். மகனுக்கு ஏழு வயது.

அந்த ஆண்டிலேயே காஸ் வேறொரு புத்தகம் வெளியிட்டார். பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று பாறை ஆய்வாளர்கள் சொல்ல ஆரம்பித்திருந்த நேரம். வேதத்தையும் விடமுடியவில்லை, பாறையையும் மறுக்கமுடியவில்லை. ஆகவே, தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்தது போல, கடவுள் பூமியைப் படைக்கும்போதே அது வாழாத பழங்காலத்தின் அடையாளங்களோடு படைத்தார் என்று வாதாடினார். புத்தகத்தின் பெயரே தொப்புள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இரு தரப்பும் சமாதானமாகும் என்று நம்பினார். இரு தரப்பும் கைவிட்டது. நெருங்கிய நண்பரான பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லியே, கடவுள் பாறைகளில் இவ்வளவு பெரிய பொய்யை எழுதிவைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியாது என்று கடிதம் எழுதிவிட்டார். டேலி ஆகாத கணக்கில் கற்பனையாக ஒரு பற்று எழுதிச் சரிக்கட்டுகிற வேலை இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் ஏமாற்றவில்லை, மனசார நம்பினார். மனைவியை இழந்த வருஷம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

லண்டனை விட்டு, மகனை அழைத்துக்கொண்டு டெவனுக்கே குடிபோய்விட்டார். செயின்ட் மேரிசர்ச் என்ற ஊர். அங்கே உட்கார்ந்து, 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக, பிரிட்டிஷ் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெரிய நூலை முடித்தார். அவருடைய வேலைகளில் இதுதான் சிகரம் என்பது என் கட்சி. பக்கத்துக் குழியில் தேடிக்கொண்டிருந்த சின்ன எட்மண்ட் 1859இல் ஒரு புது வகைச் சாமந்தியைக் கண்டுபிடித்து, அதுவும் அப்பா புத்தகத்தில் ஏறியது. அம்மா இல்லாத பையனும், சிரிக்க மறந்த அப்பாவும் குனிந்து ஒரே குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

ஆனால் அந்தக் குழிகள்? காஸின் புத்தகத்தைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாளி, ஓர் உளி. ஒருவர் எடுத்துப்போனது நாலு சாமந்தி, ஒரு துண்டுப் பாறை. அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார். வியாபாரிகளும் வந்தார்கள். எடுத்துப்போனவற்றில் மிகப் பெரும்பாலானவை லண்டன் வீட்டுக் கூடங்களில் தண்ணீர் கெட்டுச் செத்தன. செத்ததும் அடுத்த கோடையில் மறுபடி வந்தார்கள். யாருமே பணம் போடாத கணக்கிலிருந்து எல்லோரும் செக் எழுதினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1860களின் கடைசியில் இந்த மோகமே ஓய்ந்துவிட்டது. தொட்டிகள் பரணுக்குப் போயின. குழிகள் காலியாகவே கிடந்தன.

மகன் எட்மண்ட் பின்னாளில் பெரிய இலக்கிய விமர்சகர் ஆனார். அப்பாவையும் தன்னையும் பற்றி 1907இல் எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். தான் சின்ன வயதில் பார்த்த பாறைக்குழிகளை இனி இங்கிலாந்தில் யாரும் பார்க்க முடியாது என்கிறார். அந்த அழிவில் தன் புத்தகங்களுக்கு இருந்த பங்கை அப்பா சில வருஷங்களிலேயே புரிந்துகொண்டு மிகவும் வருந்தினார் என்றும் எழுதியிருக்கிறார். காஸ் கெட்ட எண்ணத்தோடு ஒரு வரி எழுதியவர் இல்லை. கடலுக்குப் போகாமலே வளர்க்க உப்புக் கலவை கொடுத்தவரும் அவர்தான். இருந்தாலும் எந்தக் குழியில் என்ன கிடைக்கும், எப்படிப் பெயர்ப்பது என்று அவ்வளவு ஆசையாக, அவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தது அவர் கை. பொறுப்பில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. குற்றவாளி என்று சொல்லவும் முடியவில்லை.

1860இல் எலைசா பிரைட்வென் என்ற நல்ல மனம்படைத்த பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். கடைசிக் காலத்தில் ஆர்க்கிட் செடிகள், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பிராணிகள், பிறகு நட்சத்திரங்கள் என்று கவனம் திரும்பியது. குளிர்கால இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தொலைநோக்கியில் வானம் பார்த்ததில்தான் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார் என்று மனைவி எழுதியிருக்கிறார். 1888 ஆகஸ்ட் 23இல், 78வது வயதில் செயின்ட் மேரிசர்ச்சிலேயே காலமானார்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். அவருடைய பவளங்கள் எந்தக் கடலிலிருந்து வந்தவை என்றும் கேட்டேன், கொஞ்சம் தயக்கத்தோடுதான். நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு; 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. கெட்டிப் பவளம், கடல்விசிறி இவற்றை எடுப்பதும் விற்பதும் 2001இலிருந்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ராமேசுவரம் போய்வந்த யாராவது ஷோகேஸில் வைக்க வாங்கிவந்திருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் தொட்டியில் இருப்பது எதுவும் கடலிலிருந்து நேராக வந்ததில்லையாம். எல்லாம் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்ததன் துண்டு. நாம் செம்பருத்திக் கிளையை ஒடித்துக் கொடுக்கிற மாதிரி, தோல்பவளத்தின் ஓரத்தைக் கூரான பிளேடால் நறுக்கி, ஒரு சின்னக் கல்லில் சேர்த்துக் கட்டிவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. தாய்க்கும் காயம் ஆறிவிடுகிறது. நடுவில் இருக்கிற அந்தப் பெரிய காளான் பெருத்துப்போய்ப் பக்கத்துப் பவளத்தின்மேல் நிழல் அடிக்கிறது, தோல் உரித்து முடித்துவிட்டதால் இப்போது நறுக்கலாம் என்றார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நறுக்கப்போகிறார். பார்க்க விரும்பும் பிள்ளைகள் வரலாம், காலணியை வெளியே விட்டு, கையைத் தொட்டிக்குள் விடாமல். உப்புத் தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு துண்டு இலவசம். ஏ பிளாக்கில் ஒருவர் இப்போதே சொல்லிவைத்துவிட்டார். நான் நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறேன்.